மகன் கனடாவில், மகள் ஜெர்மனியில், வயல் கன்னடியன் கால்வாயில்

வாசகர் கேள்விக்கு வழக்கறிஞர் பதில்

சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணவர் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். 2019இல் காலமானார். உயில் இல்லை. அவர் பெயரில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு கோட்டை விதைப்பாடு, அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலாக, இருபூ விளையும் நஞ்சை இருக்கிறது. இருபது வருஷமாக ஒரே ஆள் குத்தகைக்குப் பயிரிட்டு, கார், பிசானம் என்ற இரண்டு போகத்துக்கும் நெல் அளந்து வருகிறார். 86 வயது மாமியார் கூடவே இருக்கிறார். கணவருக்கு ஒரே தங்கை, திருமணமாகி வெளியூரில். மகன் டொராண்டோ அருகே பிராம்ப்டனில் நிரந்தர வசிப்புரிமையோடு வேலை பார்க்கிறார். மகள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில், ஒன்பது வருஷமாக ஒரே வாடகை வீட்டில்.

மகன் அங்கே எட்டரை லட்சம் கனடா டாலருக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறார். "அம்மா, இப்ப விட்டா இனி எப்பவும் வாங்க முடியாது. இருபது சதவீதம் கையில் இருந்தாத்தான் வங்கி லோன் தரும். வயல் சும்மாதானே கெடக்கு" என்கிறார். தரகர் வயலுக்கு 1 கோடியே 10 லட்சம் என்று விலை பேசி, 5 லட்சம் அட்வான்ஸோடு வந்து நிற்கிறார். மகளோ, "யம்மா, இங்க யாரும் வீடு வாங்கணும்னு அலையல. வீட்டு விலை ஏறும்னு அண்ணன் சொல்லுறதெல்லாம் நம்பாத" என்கிறார். மகளுக்கு 60 பவுன் போட்டுக் கல்யாணம் முடித்தாயிற்று, ஆகவே அவருக்கு இதில் பங்கில்லை என்பது உறவினர்களின் தீர்ப்பு.

ஆசிரியையின் கேள்வி: "இரண்டுமே பணக்கார நாடு. ஒன்றில் வீட்டு விலை பறக்கிறது, ஒன்றில் யாரும் கவலைப்படவில்லை. யார் சொல்வது சரி? நான் வயலை விற்கலாமா? விற்றால் மகன் பத்து வருஷத்தில் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கத் தயார்."

டீச்சர், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அந்த அட்வான்ஸை வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் ரசீது பெற்றுக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விற்பனை ஒப்பந்தம் என்று ஒரு தாளில் நீங்கள் ஒருவர் கையெழுத்திட்டாலே போதும். மற்றவர்கள் சம்மதிக்காவிட்டாலும் "உங்கள் பங்கையாவது கிரயம் செய்து கொடுங்கள்" என்று வழக்குப் போட வாங்குபவருக்கு வழி கிடைத்துவிடும். பாளையங்கோட்டை நீதிமன்றங்களில் அப்படிப்பட்ட வழக்குக் கட்டுகளை நிறையவே பார்க்கிறோம். உங்கள் பங்கு எவ்வளவு என்பதே இன்னும் தெரியாதபோது கையெழுத்துக்கு என்ன அவசரம்?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகள் இருவருமே பொய் சொல்லவில்லை. அவரவர் வாழும் ஊரில் அவரவர் கண்ணில் பட்டதைச் சொல்கிறார்கள். ஆனால் இருவர் சொல்வதும் கொஞ்சம் பழைய கணக்கு.

ஏறுவது எது?

திருநெல்வேலி பெருமாள்புரத்தில் ஆயிரம் சதுர அடி வீடு கட்டினாலும் உங்கள் ஊரில் கட்டினாலும் சிமெண்டும் கம்பியும் ஏறக்குறைய ஒரே விலைதான். கொத்தனார் கூலியில் சிறு வித்தியாசம் இருக்கலாம். ஆனால் சென்ட் விலை எங்கே இருக்கிறது, எங்கே இருக்கிறது! பணக்கார நாடுகளிலும் கதை இதுதான். 14 நாடுகளில் 1870 முதல் 2012 வரை வீட்டு விலை எப்படி நகர்ந்தது என்று நோல், ஷுலாரிக், ஸ்டேகர் என்ற மூன்று பொருளியலாளர்கள் தோண்டியெடுத்து 2017இல் வெளியிட்டார்கள். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விலை பெரிதாக ஏறவில்லை. அதன்பின் ஏறியதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மனையின் விலை உயர்வு. கட்டடச் செலவால் வந்தது மீதிதான்.

ஆகவே "அது பணக்கார நாடு, அதனால் விலை ஏறும்" என்பது பாதிதான் சரி. சம்பளம் கூடினால் மக்கள் வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயாராவார்கள். அந்தப் பணம் புது வீடுகளாக முளைக்கிறதா, இருக்கிற மனையின் விலையில் போய் ஏறிக்கொள்கிறதா என்பதை அந்த நாட்டின் கட்டடச் சட்டமும், வங்கிகள் கடன் கொடுக்கும் விதமும், வாடகைக்கு இருப்பவருக்கு உள்ள பாதுகாப்பும் முடிவு செய்கின்றன. நாட்டுக்கு நாடு வித்தியாசம் இங்கேதான் பிறக்கிறது.

உங்கள் மகன் இருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கனடா வரைபடத்தில் எத்தனை பெரியது! ஆனாலும் வேலை தேடி வருபவர்கள் டொராண்டோ, வான்கூவர், மாண்ட்ரியல் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய ஊர்களில்தான் குவிகிறார்கள். டொராண்டோவைச் சுற்றி ஒன்டாரியோ மாகாண அரசு 2005இல் ஒரு பசுமை வளையம் போட்டது. விளைநிலத்தையும் காட்டையும் காக்க. அதன் பரப்பு இப்போது ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கர். நல்ல நோக்கம்தான், நம் தாமிரபரணிக் கரைக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கலாம் என்று நினைப்பவன் நான். ஆனால் வெளியே பரவ முடியாத ஊர் உள்ளே உயர வேண்டுமல்லவா? அதுவும் நடக்கவில்லை. டொராண்டோ நகரின் குடியிருப்பு மனைகளில் பெரும்பகுதியில் ஒரு மனைக்கு ஒரு தனி வீடு என்ற விதியே நெடுங்காலம் இருந்தது. நான்கு குடும்பம் இருக்கும்படி கட்டலாம் என்று ஊர் முழுவதற்கும் அனுமதி வந்தது 2023இல்தான். அதே 2023இல் மட்டும் கனடாவின் மக்கள்தொகை 12 லட்சத்துக்கு மேல் கூடியது. இதற்கு முன்னால் 2020 மார்ச் முதல் இரண்டு வருஷம் அந்நாட்டு மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதத்தில் வைத்திருந்தது. ஆள் கூடி, மனை இறுகி, கடனும் மலிவாகக் கிடைத்தால் விலை பறக்காமல் என்ன செய்யும்?

ஜெர்மனியில் வேறு மாதிரி. சொந்த வீட்டில் இருப்பவர்கள் அங்கே பாதிக்கும் குறைவு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலேயே கடைசி இடம். வறுமையால் வந்த நிலை இல்லை இது. அங்கே வாடகை ஒப்பந்தத்துக்குப் பொதுவாகக் கெடு கிடையாது. வீட்டுக்காரர் தனக்கோ தன் நெருங்கிய குடும்பத்துக்கோ வீடு தேவை என்பது போன்ற காரணம் காட்டாமல் காலி செய்யச் சொல்ல முடியாது. குடியிருக்கும்போது வாடகையை மூன்று வருஷத்தில் 20 சதவீதத்துக்கு மேல், நெருக்கடியான ஊர்களில் 15 சதவீதத்துக்கு மேல், உயர்த்தக் கூடாது. உங்கள் மகள் ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் நிம்மதியாக இருப்பதன் ரகசியம் இது. நம்மூரில் பதினோரு மாத ஒப்பந்தம் போட்டு, வருஷம் முடிவதற்குள் "மகளுக்குக் கல்யாணம், வீட்டைக் காலி பண்ணுங்க" என்று சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீடு வாங்குவதும் அங்கே எளிதில்லை. ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் சொத்து மாற்று வரியே 5 சதவீதம். அதோடு நோட்டரி, பதிவு, தரகு எல்லாம் சேர்ந்தால் விலைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு போய்விடும். வாங்கி ஓரிரு வருஷத்தில் விற்று லாபம் பார்க்கும் ஆசைக்கு அங்கே இடமில்லை. வங்கிகளும் இன்றைய சந்தை விலையை அப்படியே நம்பாமல், நீண்டகாலத்தில் எவ்வளவு நிற்கும் என்று குறைத்து மதிப்பிட்டே கடன் கொடுக்கின்றன. வட்டியும் பத்து, பதினைந்து வருஷத்துக்கு மாறாது. பெர்லின், ஹாம்பர்க், மியூனிக், பிராங்ஃபர்ட், ஸ்டுட்கார்ட் என்று வேலை பல ஊர்களில் சிதறிக் கிடப்பதால் ஒரே ஊர்மேல் பாரம் விழவில்லை. இதனால் 1990களின் நடுவிலிருந்து 2010 வரை அங்கே வீட்டு விலை பெரிதாக அசையவே இல்லை.

ஆனால் மகள் சொல்வதிலும் ஒரு திருத்தம் உண்டு. 2010க்குப் பிறகு வட்டி அடிமட்டத்துக்குப் போனதும் ஜெர்மனியிலும் விலை ஏறியது. 2022 வரை ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு வட்டி கூடியதும் இறங்கியது. இப்போது பெரிய ஊர்களில் புதிதாக வாடகை வீடு தேடுபவர்கள் படும் பாடு கொஞ்சமில்லை. மகளின் நிம்மதி, அவர் முன்னாலேயே வீடு பிடித்துவிட்டதால் வந்தது. அந்த வீட்டை விட்டு வேறு ஊருக்கு மாறினால் அவர் பேச்சும் மாறலாம்.

ஜப்பானையும் பார்த்துவிடலாம். கட்டட வகைப்பாட்டு விதிகளை அங்கே நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வகுக்கிறது. 1968ஆம் ஆண்டின் நகரத் திட்டச் சட்டம். விதிக்கு உட்பட்டிருந்தால் அக்கம்பக்கத்தார் முணுமுணுத்தாலும் கட்டலாம். டோக்கியோவில் வருஷம் ஒரு லட்சத்துக்கு மேல் புது வீடுகள் எழும்புகின்றன. கட்டிய வீடு இருபது முப்பது வருஷத்தில் மதிப்பிழந்துவிடும் என்பது அவர்கள் வழக்கம். 1991இல் உச்சிக்குப் போன மனை விலை அதன்பின் பத்து வருஷத்துக்கு மேல் இறங்கிக்கொண்டே வந்தது. 2023 கணக்கெடுப்பில் ஆளில்லாத வீடுகள் மட்டும் 90 லட்சம். ஆனால் அதே வருஷம் டோக்கியோவின் நடுப்பகுதியில் புது அடுக்குமாடி வீட்டின் சராசரி விலை 10 கோடி யென்னைத் தாண்டியது. ஒரே நாட்டில் இரண்டும்!

நிறைய வீடு கட்டினால் விலை அடங்கிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. அயர்லாந்து 2000களில் கட்டித் தள்ளியது. ஆனாலும் வங்கிகள் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்ததில் விலை மேலே மேலே போய், 2007க்குப் பிறகு பாதிக்கும் கீழே விழுந்தது. உச்சியில் வாங்கியவர்களுக்கு வீட்டின் மதிப்பை விடக் கடன் பெரிதாக நின்றது. என்னைக் கேட்டால், கட்டடச் சட்டத்தை விட வங்கியின் தாராளத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

"இப்ப விட்டா" என்ற பேச்சு

மகனின் அவசரத்துக்கு டொராண்டோவே பதில் சொல்லிவிட்டது. டொராண்டோ வட்டாரத்தின் சராசரி வீட்டு விலை 2022 பிப்ரவரியில் 13 லட்சம் டாலரைத் தாண்டியது. அடுத்த மாதமே மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கி, 2023 ஜூலையில் 5 சதவீதத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. 2025 முடியும்போதும் விலை அந்த உச்சத்தைத் திரும்ப எட்டவில்லை. சிறு அடுக்குமாடி வீடுகள் வாங்க ஆளின்றித் தேங்கின. 2024 அக்டோபரில் குடியேற்ற எண்ணிக்கையையும் அரசு குறைத்தது. 2022இல் "இப்ப விட்டா எப்பவும் முடியாது" என்று ஓடி வாங்கியவர்கள் இன்று என்ன நினைப்பார்கள் என்று மகனையே கேளுங்கள். நாளைக்கு விலை ஏறாது என்று நான் சொல்லவில்லை. ஏறலாம். இந்த மாதமே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

தவணைக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். எட்டரை லட்சத்தில் 20 சதவீதம் போக 6,80,000 டாலர் கடன். 25 வருஷம், வட்டி 4.25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 3,600 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். கனடாவில் இந்த வட்டி பெரும்பாலும் ஐந்து வருஷத்துக்குத்தான். ஐந்து வருஷம் முடிந்ததும் அன்றைய வட்டிக்குப் புதுப்பிக்க வேண்டும். 2021இல் 2 சதவீதத்துக்கும் கீழே கடன் வாங்கியவர்கள் புதுப்பிக்கும்போது படும் சிரமம் இதுதான்.

20 சதவீதம் இல்லாமல் வங்கி கடன் தராது என்பதும் சரியில்லை. அங்கே சட்டப்படி குறைந்தபட்சக் கைப்பணம் முதல் 5 லட்சம் டாலருக்கு 5 சதவீதம், அதற்கு மேல் உள்ளதற்கு 10 சதவீதம். எட்டரை லட்சம் டாலர் வீட்டுக்கு 25,000 + 35,000, ஆக 60,000 டாலர். 20 சதவீதத்துக்குக் குறைந்தால் கடனுக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். அதன் கட்டணம் கடனோடு சேர்ந்து தவணை கூடும். அது ஒரு செலவுதான். ஆனால் தாயின் வயல் முழுவதையும் விற்றால்தான் வீடு என்ற நிலை இல்லை. இந்த 60,000 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

வயலில் யாருக்கு எவ்வளவு?

இங்கேதான் கடிதம் முழுக்க ஒரு தவறான எண்ணம் ஓடுகிறது. கணவர் போனபின் வயல் உங்களுடையது, நீங்கள் விற்கலாம், மகனுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயிலில்லாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகளோடு தாயும் உண்டு. உங்கள் மாமியாருக்கும் பங்கு இருக்கிறது. வாரிசுச் சான்று வாங்கும்போது பெயர் சேர்த்துவிட்டு, பத்திரம் எழுதும்போது ஆச்சியை மறந்துவிடுவது நம் பக்கத்தில் சாதாரணமாக நடக்கிறது.

எவ்வளவு பங்கு என்பதை, பீரோவில் படிக்காமல் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, மாமனார் காலத்துப் பாகப் பத்திரம், அதுதான் சொல்லும். அது உங்கள் கணவரும் ஒரு பாகஸ்தராக நின்று பூர்வீகச் சொத்தைப் பிரித்துக்கொண்ட பத்திரம் என்றால், அவர் கைக்கு வந்த வயலில் மகனுக்கும் மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை உண்டு. அப்போது கணவருக்கு மூன்றில் ஒன்று, மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. கணவரின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நீங்கள், மாமியார், மகன், மகள் என்று நான்காகப் பிரியும். உங்களுக்கு 12இல் 1. மாமியாருக்கு 12இல் 1. பிள்ளைகளுக்கு ஆளுக்கு 12இல் 5. அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. மாமனார் தாமே வாங்கிய வயலை உயிலாலோ, உயிரோடு இருக்கும்போதே எழுதிவைக்கும் செட்டில்மென்டாலோ உங்கள் கணவருக்குத் தந்திருந்தால், நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. பத்திரமே இல்லாமல் பட்டா மட்டும் கணவர் பெயருக்கு மாறியிருந்தால், மாமனார் வழியில் உங்கள் நாத்தனாருக்கும் உரிமை நிற்கிறது. அது தனிச் சிக்கல்.

60 பவுனைப் பற்றி: கல்யாணத்துக்குப் போட்ட நகை, பங்கைக் கழிக்காது. 2005 செப்டம்பர் 9 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் ஒரே உரிமை. வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11இல் இதை ஐயமில்லாமல் உறுதி செய்துவிட்டது. உறவினர்கள் தீர்ப்பு வீட்டுத் திண்ணையோடு சரி. மகள் தன் விருப்பத்தோடு, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தால் தவிர அவர் பங்கு அவருக்குத்தான்.

"வயல் சும்மா கிடக்கிறது" என்பதும் பொருந்தாது. இருபது வருஷமாகப் பயிரிடும் குத்தகைக்காரருக்கு 1955ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. நிலம் கைமாறினாலும் வாங்கியவர் உங்கள் இடத்தில் வந்து நிற்பார். நிலத்தை வாங்கிவிட்டேன் என்று குத்தகைக்காரரை எழுப்பிவிட முடியாது. தரகர் பேசும் 1 கோடியே 10 லட்சம், ஆள் காலி செய்து கொடுத்தால் வரும் விலையா, இருக்கிறபடியே விற்றால் வரும் விலையா? கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே விளைநிலத்தை விலைக்கு வாங்கவோ தானமாகப் பெறவோ அந்நியச் செலாவணிச் சட்டத்தில் இடமில்லை. வாரிசாக அடையலாம், உயில் மூலம் பெறலாம், இருப்பதை விற்கலாம். ஆகவே வயல் ஒருமுறை போனால், நாளைக்கு மகன் கையில் பணம் புரண்டாலும் அங்கே இருந்துகொண்டு வாய்க்கால் பாசனத்தில் ஒரு மரக்கால் விதைப்பாடுகூட வாங்க முடியாது. "மகளுக்கு என் பங்கைச் செட்டில்மென்ட் எழுதிவிடட்டுமா" என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். செட்டில்மென்டும் தானம்தான், எழுதக் கூடாது. உயில் எழுதுங்கள்.

பணம் போகும் வழி

நீங்கள் இங்கிருந்து மகனுக்கு வருஷத்துக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். உச்சவரம்பு பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரியாக முன்கூட்டியே பிடிக்கும். 1 கோடியே 10 லட்சம் அனுப்பினால் தனியாக 20 லட்சம் ரூபாய் நீங்கள் வங்கியில் கட்டியாக வேண்டும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்தான். அதுவரை பென்ஷன் வாங்கும் உங்களுக்கு 20 லட்சம் எங்கிருந்து வரும்?

மகன் தன் சொந்தப் பங்கை விற்றால் இது வராது. அந்தப் பணம் இங்குள்ள அவருடைய என்.ஆர்.ஓ. கணக்கில், அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வரும் பணத்துக்காக வைத்திருக்கும் வங்கிக் கணக்கில், விழும். ஆடிட்டர் சான்றோடு, வருஷத்துக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை அவரே எடுத்துப் போகலாம். 12இல் 5 பங்கு என்றால் அவருக்கு ஏறத்தாழ 46 லட்சம் ரூபாய், இன்றைய மாற்று விலையில் 70,000 கனடா டாலர் பக்கம். மேலே சொன்ன 60,000 அதற்குள் அடங்கிவிடுகிறது! கால் பங்குதான் என்றால் 42,000 டாலர் போலத் தேறும். மீதிக்கு அவர் சேமிப்பு வேண்டும், அல்லது கொஞ்சம் சிறிய வீடு பார்க்க வேண்டும்.

வருமான வரியில், கிராமத்து விளைநிலம் மூலதனச் சொத்தாகாது. விற்ற லாபத்துக்கு இங்கே வரியில்லை. ஆனால் மக்கள்தொகை பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் வரை உள்ள ஊரின் எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 2 கிலோமீட்டருக்குள் வந்தால் அது கிராமத்து நிலமாகாது. உங்கள் வயல் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஆடிட்டர் அளந்து சொல்லட்டும். மகன் கனடாவிலும் இந்த விற்பனையைக் கணக்கில் காட்ட வேண்டியிருக்கும். அங்குள்ள கணக்காளரை முதலிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பத்து வருஷத்தில் திருப்பித் தருவதாக எழுதித் தருகிறேன் என்கிறாரே, அதைப் பற்றிக் கவனம். கைப்பணத்தைப் பெற்றோர் கொடுத்தால், "இது அன்பளிப்பு, திரும்பக் கேட்க மாட்டோம்" என்று உங்களிடம் ஒரு கடிதம் கேட்பது அந்நாட்டு வங்கிகளின் வழக்கம். வங்கிக்கு ஒரு கடிதம், அம்மாவுக்கு ஒரு கடிதம் என்று இரண்டு வைத்துக்கொள்வது முறையில்லை, பின்னால் வம்பு. ஆகவே கொடுப்பதைக் கொடுத்ததாகவே நினைத்துக் கொடுங்கள். ஒன்டாரியோ சட்டத்தில் தம்பதி குடியிருக்கும் வீட்டுக்குத் தனி நிலை உண்டு; உங்கள் பணம் அந்த வீட்டில் போய்ச் சேர்ந்துவிட்டால், ஒருவேளை பிரிவு வந்தால், அது மகனுக்கு அம்மா தந்த பணம் என்று தனியாக எடுத்து வைக்க முடியாது. மருமகளைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை டீச்சர், சட்டத்தைச் சொல்கிறேன். முதியோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம், கவனித்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை மீட்க இங்கே உதவும். பிராம்ப்டன் வீட்டின் கதவை அது தட்டாது.

என் யோசனை இது. முழு வயலையும் விற்று ஒருவர் கையில் கொடுப்பது வேண்டாம். முதலில் நான்கு பேர் பங்கும் எழுத்தில் பிரியட்டும். மாமியார் தன் பங்கை உங்களுக்கு விட்டுத்தர விரும்பினால் அவர் தெளிவாக இருக்கும்போதே, அவருக்கு வாசித்துக் காட்டி, மருத்துவர் சான்றோடு விடுதலைப் பத்திரம் பதிவு செய்யலாம். விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள், அவர் காலத்துக்குப் பின் அந்தப் பங்கில் பாதி நாத்தனாருக்குப் போகும், அது அவர் உரிமை. பிறகு மகன் தன் பங்கை விற்கட்டும். வெளியாளுக்குக் கொடுக்கும் முன் கூட்டு வாரிசுகளுக்கு அதை வாங்க முன்னுரிமை உண்டு. உங்கள் ஓய்வூதியச் சேமிப்பில் இடமிருந்தால் அதை நீங்களே வாங்கிக்கொள்ளலாம். மகனுக்குப் பணமும் போகும், வரப்பும் கலையாது. அதற்காகச் சேமிப்பு முழுவதையும் வழித்து எடுக்காதீர்கள். பிள்ளைகள் இருவருக்கும் ஒரே நேரத்தில், ஒரே தொலைபேசி அழைப்பில் இதைச் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு விதமாக விழும்.

பாகப் பத்திரத்தின் நகல், பட்டா, வாரிசுச் சான்று, 1975இலிருந்து வில்லங்கச் சான்று, குத்தகைக்கு எழுத்து ஏதாவது இருந்தால் அது, இவற்றை எடுத்துக்கொண்டு உங்களுக்கு நம்பிக்கையான வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். பிள்ளைகள் ஊருக்கு வரத் தேவையில்லை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர், அதாவது தங்கள் சார்பில் ஒருவர் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம், எழுதி அனுப்பினால் போதும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டி ஏற்க வைக்க வேண்டும். பவரில் எந்த சர்வே எண், எவ்வளவு பங்கு, என்னென்ன செய்ய அதிகாரம் என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். "சகல அதிகாரமும்" என்று மொத்தமாக எழுதி, அதைத் தரகர் சொல்லும் ஆள் பெயரில் கொடுத்துவிட வேண்டாம்.